நேர்த்தி வைத்தவரின் துணிவு: வன்னியில் இறைநம்பிக்கை தரும் பாதுகாப்பு

ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே உள்ள முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் கடந்து போகும் வாகனங்கள் குறைவு. கொழும்புக்குப் போகும் இரவுப் பேருந்தும், நெல்மூட்டை ஏற்றிய லொறியும், புதிதாக வாங்கி இன்னும் இலக்கத்தகடு பூட்டாத மோட்டார் சைக்கிளும் அங்கே நிற்கின்றன. சாரதி இறங்கிப் போய்த் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, வீதியோரக் கடையில் கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். இதை வெறும் பழக்கம் என்று சொல்லி விட்டுவிடுபவர்கள் உண்டு. ஆனால் இந்த வீதி 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தோடு திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மறுபடி மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே மக்களுக்கு மீண்டும் கிடைத்த வீதி. இதே பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டென்பது அங்கே தேங்காய் உடைக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் நிற்கிறார்கள். ஆகவே, தெய்வம் காக்கும் என்று வன்னி மக்கள் சொல்லும்போது எதை எதிர்பார்க்கிறார்கள், அந்த எதிர்பார்ப்புப் பொய்த்த இடத்தில் நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இந்த நிலத்தின் வரலாற்றோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வன்னி என்று இங்கே குறிப்பது முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களையும் மன்னாரின் பெருநிலப்பரப்பையும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கான தண்ணீரைக் குளமே தேக்கித் தரவேண்டும். மழை பொய்த்தாலும் வயல் போகும், மழை மிஞ்சிக் குளக்கட்டு உடைந்தாலும் வயல் போகும். சுற்றிலும் காடு, காட்டில் யானையும் கரடியும், வயல் வரம்பில் நாகமும் புடையனும். இவற்றோடு மலேரியாக் காய்ச்சல் தலைமுறை தலைமுறையாக இப்பகுதியின் குடித்தொகையைப் பெருகவிடாமல் வைத்திருந்தது. இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016 செப்ரெம்பரில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பயம் எவ்வளவு அண்மைக்காலம் வரை நீடித்தது என்பது புரியும். இப்படியான இடத்தில் வாழ்ந்தவர்களின் சமயம் முதலில் மறுமையைப் பற்றியதாக இருக்கவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை விடியும்வரை தாங்குமா, இந்தப் போகம் வீடு வந்து சேருமா என்ற கேள்விகளே அதன் நடுவில் இருந்தன.

அச்சம் எங்கெங்கே இருந்ததோ அங்கங்கே தெய்வம் இருத்தப்பட்டது. குளக்கட்டில் ஐயனார், ஊர் எல்லையிலும் வயல் ஓரத்திலும் வைரவர், நாச்சிமார், காளி. தேன் எடுக்கவோ தடி வெட்டவோ போகிறவர், காடு தொடங்கும் இடத்தில் பச்சைக் குழையொன்றை முறித்து மரத்தில் செருகிவிட்டே உள்ளே போவார். அறுத்த கதிரை மிதித்து நெல்மணி பிரிக்கும் சூட்டுக் களத்தில், அன்றாடச் சொற்களை விலக்கி அந்தக் களத்துக்கென்றே வைத்திருந்த வேறு சொற்களில் பேசினார்கள். நெல்லின் பொலிவைப் பூதங்கள் கவர்ந்துவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தைப்பூசத்தில் புதிர் எடுத்து, முதல் நெல்லைச் சுவாமிக்குப் படைத்த பின்னரே வீட்டார் உண்டார்கள். பாம்புக்குப் புளியங்குளத்துக்கு அண்மையிலுள்ள புதூர் நாகதம்பிரான். அம்மை நோய்க்குக் கண்ணகை அம்மன். இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஓர் எல்லையும் ஒரு பொறுப்பும் உண்டு, அதற்கு ஈடாக மனிதருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. குளத்துப் பொங்கலும் குளக்கட்டுத் துப்புரவும் ஊர்கூடிச் செய்யும் வேலைகளாகவே இருந்தன. கட்டைக் கவனியாமல் விட்டுவிட்டு ஐயனாருக்குப் பொங்கிய ஊரை யாரும் மெச்சியதில்லை.

இந்தப் பழைய பங்கீடு இன்றைக்கும் தேவைப்படுகிறது. 2018 டிசம்பரில் கடும் மழையில் இரணைமடுக் குளம் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியின் பல கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்று மக்கள் கேட்டார்கள். இரணைமடுக் குளத்தில் கனகாம்பிகை அம்மன் இருக்கிறாள். ஆயினும் கேள்வி நீர்ப்பாசனப் பொறியியலாளர்களை நோக்கியே எழுந்தது, அம்மனை நோக்கி அல்ல. யாருடைய வேலை எது என்பதில் வன்னிக் கமக்காரர்களுக்குப் பெரிய குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. சமய நம்பிக்கையின் உளவியலை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கென்னத் பார்கமெண்ட், துன்பத்தை எதிர்கொள்ளும்போது மனிதர் கடவுளோடு கொள்ளும் உறவில் மூன்று போக்குகளைப் பிரித்துக் காட்டினார்: எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பது, கடவுள் தந்த அறிவைக் கொண்டு தானே பார்த்துக்கொள்வது, கடவுளும் தானும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்வதாகக் கருதுவது. வன்னியின் குளக்கட்டுச் சமயம் மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

சேர்ந்து செய்யும் அந்த உறவுக்கு வன்னி கண்டுகொண்ட வடிவம் நேர்த்தி. பிள்ளைக்குச் சுகம் வந்தால் பாற்செம்பு எடுப்பேன், கிணற்றில் தண்ணீர் கண்டால் பொங்குவேன், மகன் திரும்பி வந்தால் காவடி எடுப்பிப்பேன் என்று ஒருவர் தெய்வத்தின் முன் சொல்லிவிட்டால், அது கடனாகிவிடுகிறது. அங்கப்பிரதட்சணம், அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு வீதி சுற்றும் அடியழித்தல், கற்பூரச்சட்டி, தூக்குக்காவடி என்று கடனைத் தீர்க்கும் வழிகள் பல. இதைத் தெய்வத்தோடு பேரம் பேசுவதென்று இகழ்வது எளிது. சைவப் பிரசங்கிகள் சிலரே அப்படி இகழ்ந்திருக்கிறார்கள். எனினும் நேர்த்தி வைத்தவருக்குள் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உருவமில்லாமல் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த அச்சம், நேர்த்தி வைத்த கணத்தில் ஒரு நாளும் ஓர் இடமும் ஒரு வேலையும் உள்ள காரியமாக மாறிவிடுகிறது. செய்வதற்கு எதுவுமே இல்லாத நிலையில் இருந்தவருக்குச் செய்யவேண்டியதொன்று கிடைக்கிறது: விரதம் பிடிக்க வேண்டும், பிடியரிசி சேர்க்க வேண்டும், செம்பு வாங்க வேண்டும், வைகாசி வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு முடிவு உண்டென்ற எண்ணமும் கூடவே வருகிறது. வன்னி மக்கள் இறைநம்பிக்கையில் அடையும் பாதுகாப்பின் பெரும்பகுதி, ஆபத்து வராது என்ற உறுதியைவிட, ஆபத்தின் நடுவில் தமக்கென்று ஒரு கடமை இருக்கிறது என்ற இந்த உணர்விலிருந்தே பிறக்கிறது என்பது என் கணிப்பு.

நேர்த்திகளின் பெருங்கூடல் வற்றாப்பளை. நந்திக்கடலின் கரையில் உள்ள கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசி விசாகத்தையொட்டிய திங்கட்கிழமை பொங்கல் நடக்கிறது. அதற்கு முன்னரே, பொங்கலுக்கான பாக்கைத் திரட்டும் பாக்குத்தெண்டலோடு சடங்குகள் தொடங்கிவிடும். பொங்கலுக்கு முந்திய வாரம் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றுகிறார்கள். ஏழு நாள் எரிந்த பின் அது வற்றாப்பளைக்குப் போகிறது. எண்ணெயின்றிக் கடல்நீரில் விளக்கெரிவதை அம்மனின் அற்புதமாகவே மக்கள் கொள்கிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் அங்கு திரளும் இலட்சக்கணக்கானோரில் எவருக்கும் வருவதாகத் தெரியவில்லை, கட்டுரையாளருக்கும் வரவில்லை. ஆறுதல் தரும் தெய்வமாக இங்கே வணங்கப்படுபவள் யார் என்பதே இதைவிட முக்கியம். கணவனை அரச அநீதியால் இழந்து, சிலம்பை உடைத்து நியாயம் கேட்டு, மதுரையை எரித்த பெண் அவள். முல்லைத்தீவின் கோயில்களில் அவளுடைய கதை சிலம்புகூறலாகப் படிக்கப்படுகிறது, கோவலன் கூத்தாக ஆடப்படுகிறது. அடங்காத கோபத்தோடு வந்தவளைக் குளிர்விப்பதே பொங்கலின் நோக்கம் என்பது ஐதிகம். கோபமும் துயரமும் தெய்வத்துக்கு அந்நியமானவை அல்ல என்று அறிந்த மக்களுக்கு, தங்கள் கோபத்தையும் துயரத்தையும் மறைக்காமலேயே அவள் முன் போய் நிற்க முடிகிறது.

மன்னார்ப் பெருநிலத்தில் மடு மாதாவின் வரலாறு வேறொரு பாடத்தைச் சொல்கிறது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1670இல் மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் ஆலயத்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்தன என்றும், ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த எழுநூறு பேரளவிலான கத்தோலிக்கர் அவர்களோடு சேர்ந்துகொண்டனர் என்றும், மருதமடுவில் அந்தச் சொரூபம் நிலைபெற்றது என்றும் திருத்தலத்தின் மரபு கூறுகிறது. மடுத் திருப்பதியின் தொடக்கமே இடப்பெயர்வுதான். காடு அவர்களை ஒல்லாந்தரிடமிருந்து காத்தது. காட்டுப் பாம்பிடமிருந்து காக்க மாதா வேண்டியிருந்தாள். மடு மண்ணைப் பொட்டலமாகக் கட்டி வீட்டில் வைத்திருந்தால் விஷம் தீண்டாது என்ற நம்பிக்கை கத்தோலிக்கரைத் தாண்டிச் சைவரிடமும் சிங்களவரிடமும் பரவி, ஆவணித் திருவிழாவுக்கு மாட்டுவண்டிகளில் வந்து காட்டில் கூடாரம் அடித்துத் தங்கும் பெருங்கூட்டத்தை உண்டாக்கியது. மாதாவின் சொரூபத்துக்கு 1924 யூலை 2ஆந் திகதி முடிசூட்டப்பட்டது. 

போர்க்காலத்தில் மடு மறுபடி அகதிகளின் இடமானது. 1990க்குப் பின் அந்த வளவில் ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தின் ஆதரவில் திறந்த நிவாரண நிலையம் இயங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆலயத்தைச் சுற்றிக் கொட்டில் போட்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. மாதாவின் வளவில் ஷெல் விழாது என்று அவர்கள் நம்பினார்கள், அப்படி நம்ப ஓரளவு நியாயமும் இருந்தது, ஏனென்றால் அந்த இடத்தின் புனிதத்தை இராணுவம், விடுதலைப் புலிகள் என்ற இரு தரப்பும் வாயளவிலாவது ஏற்றிருந்தன. 1999 நவம்பர் 20ஆந் திகதி அந்த நம்பிக்கை உடைந்தது. ஆலய வளவில் விழுந்த எறிகணைகளில் 40 பேரளவில் இறந்தார்கள், பலர் குழந்தைகள். 2008 ஏப்ரலில் சண்டை மறுபடி நெருங்கியபோது குருமார் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் அது மடுவுக்குத் திரும்பியது.

சொரூபம் வெளியேறிய செய்தியை மக்கள் எடுத்துக்கொண்ட விதம்தான் இக்கட்டுரையின் கேள்விக்கு நேரடியான விடை. காக்கவேண்டியவளே ஓடிப்போனாள் என்று கைவிடப்பட்ட உணர்வு மேலோங்கியிருக்கலாம். அங்கொன்று இங்கொன்றாக அப்படிப் பேசியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் நிலைத்த பேச்சு, மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்தாள் என்பது. 1670இல் காட்டுக்குள் தூக்கிச் செல்லப்பட்டவள் 2008இலும் தூக்கிச் செல்லப்பட்டாள், அவ்வளவே. கோட்டை போல நின்று காக்கும் தெய்வமாக எண்ணியிருந்தால் அந்த நம்பிக்கை 1999இலேயே முடிந்திருக்கும். கூடவே வரும் தெய்வமாக எண்ணியதால் அது முடியவில்லை. 2015 சனவரி 14ஆந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது அங்கே கூடிய பெருந்திரளில், போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருந்தார்கள். அவர்கள் மாதாவிடம் கணக்குத் தீர்க்க வந்தவர்கள் அல்லர்.

2009இன் முதல் ஐந்து மாதங்களைப் பற்றி எழுதும்போது நம்பிக்கை என்ற பேச்சை அடக்கமாகவே எடுக்க வேண்டும். கிளிநொச்சி சனவரி 2ஆந் திகதி வீழ்ந்த பின், சுதந்திரபுரம், தேவிபுரம், மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று மக்கள் ஒடுங்கிக்கொண்டே போனார்கள். கோயிலும் தேவாலயமும் வைத்தியசாலையும் அடைக்கலமாகவில்லை. மணலில் தோண்டி, சேலையைக் கிழித்துத் தைத்த பைகளில் மணல் நிரப்பி அடுக்கிய பங்கருக்குள், சைவப் பிள்ளைகள் கந்தசஷ்டி கவசம் சொன்னார்கள், கத்தோலிக்கர் செபமாலை சொன்னார்கள், இரண்டும் ஒரே பங்கருக்குள் ஒலித்த வேளைகளும் உண்டென்று தப்பி வந்தவர்கள் சொல்கிறார்கள். கவசத்தின் அமைப்பு இதற்கென்றே ஆனது போல இருக்கிறது: கண், காது, கழுத்து, மார்பு, விரல் என்று உடலின் ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லி வேலின் காவலில் வைக்கிறது. எறிகணைச் சிதறல் உடலின் எந்தப் பாகத்தைத் தாக்கும் என்று தெரியாத இடத்தில் அதைச் சொன்ன பிள்ளைக்கு, அந்த வரிசை வெறும் செய்யுள் வரிசையாக இருந்திருக்க முடியாது.

செபமாலையும் கவசமும் உடலில் செய்யும் வேலையை மருத்துவ மொழியிலும் சொல்லலாம். நீண்ட அடிகளைச் சீராகச் சொல்லும்போது மூச்சு நிதானப்படுகிறது, மனம் அடுத்த வெடிச்சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதை விட்டு அடுத்த அடியைத் தேடுகிறது, பலர் சேர்ந்து சொல்லும்போது நடுங்கும் பிள்ளைக்குத் தாயின் குரல் நடுங்காமல் கேட்கிறது. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 2010இல் வெளிவந்த வன்னி பற்றிய ஆய்வில், போரின் காயம் தனிமனிதரில் மட்டும் நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் நம்பிக்கையையும் சேர்த்தே உடைத்தது என்று காட்டினார். அப்படியான கூட்டு மனவடுவுக்கு மருந்தும் தனி ஆலோசனையும் மட்டும் போதா, சடங்கும் விழாவும் ஊர்கூடலும் மீள வேண்டும் என்பது அவர் தொடர்ந்து வலியுறுத்தி வந்த கருத்து. ஏறத்தாழ 3 இலட்சம் பேர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தபோது, தறப்பாள் கூடாரங்களுக்கு இடையே ஒரு கல்லை நட்டு, பூ வைத்து, பிள்ளையார் என்று கும்பிட்டார்கள். முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அந்தக் கற்கள் என்னவாயின என்று யாரும் தேடியிருக்கமாட்டார்கள். தேவை முடிந்த இடத்தில் தெய்வத்தை விட்டுவிட்டு, புதிய இடத்தில் புதிதாக நடுவது வன்னிக்குப் புதிதல்ல.

கடவுள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார் என்று சொன்னவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். பூசையறைப் படங்களைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள், பல ஆண்டுகள் கோயில் வாசலை மிதியாதவர்கள் இருக்கிறார்கள். தன் துன்பம் தெய்வத்தின் தண்டனை என்று நம்புபவரின் மனநலம் மேலும் கெடுகிறது என்பதைப் பார்கமெண்ட்டும் அவர் வழிவந்தவர்களும் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்வினை என்று சொல்லி ஆறுதல்படுத்த வந்த உறவினர்கள் எத்தனை தாய்மாரை மேலும் நோகடித்தார்கள் என்பதைக் கணக்கிட வழியில்லை. தமிழ்ச் சமய மரபில் இதற்கு மாற்றும் உண்டு. மன்னாரின் திருக்கேதீச்சரச் சிவன் கோயிலைப் பாடிய சுந்தரர்தான், கண்பார்வை இழந்து திருவாரூரில் நின்று, எங்கள் துன்பம் உமக்குப் பொருட்டில்லையென்றால் நீரே நன்றாக வாழ்ந்துபோம் என்று இறைவனை ஏசினார். கத்தோலிக்கர் பெரிய வெள்ளியில் கேட்கும் திருப்பாடல், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று தொடங்குகிறது. ஏசுவதும் உறவின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொள்ளும் மரபு, பொறுமையாக இரு என்று மட்டும் சொல்லும் உபதேசத்தைவிட அதிகம் தாங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கையின் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரியும் இடம் காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகள். 2009 மே 18ஆந் திகதி வட்டுவாகல் பக்கமாக இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களோடு அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் போனார். அவரும் அவரோடு போனவர்களும் திரும்பவில்லை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், 2011 சனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் முன், அரச செயலகங்களின் குடித்தொகைக் கணக்கை வைத்து 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். மேய்ப்பர் ஒருவர் ஆறுதல் சொல்வதோடு நின்றுவிடாமல் கணக்கும் கேட்டது வன்னிக் கத்தோலிக்கருக்கு அளித்த தெம்பு பெரிது. அவர் 2021 ஏப்ரல் முதலாந் திகதி காலமாகும்வரை அந்தக் கேள்விக்கு விடை வரவில்லை.

இறந்தவருக்குச் சைவச் சமயம் தெளிவான வழியைத் தருகிறது: எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுதோறும் திதி, தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. ஒவ்வொரு படியிலும் துயரம் சற்றுக் கட்டுக்குள் வருகிறது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்கு இவற்றில் எதைச் செய்வது? அந்தியேட்டி செய்தால் அவரைத் தன் கையாலேயே சாகடித்ததாகிவிடும் என்று மனைவி அஞ்சுகிறார். செய்யாவிட்டால், ஒருவேளை இறந்திருந்தால், ஆன்மா சாந்தியற்று அலையும் என்று தாய் அஞ்சுகிறார். பொட்டு வைப்பதா, மங்கல நிகழ்வுகளில் முன்னே நிற்பதா என்பது வரை இந்தத் தத்தளிப்பு நீள்கிறது. நெடுங்காலம் திரும்பாதவருக்குத் தர்ப்பையால் உருச்செய்து கிரியை நடத்தும் விதி சாத்திரத்தில் உண்டென்றாலும், அதை ஏற்க மனம் ஒப்பியவர்கள் சிலரே. அமெரிக்கக் குடும்ப உளவியலாளர் பாலின் பாஸ் தெளிவற்ற இழப்பு என்று அழைத்த நிலை இது. இழப்பு வகைகளில் ஆறுவதற்கு மிகக் கடினமானது இதுவே என்பது அவருடைய முடிவு.

சட்டம் தாமதமாகவேனும் ஒரு மூன்றாம் நிலையைக் கண்டுபிடித்தது: 2016இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் பெற விரும்பாத குடும்பம் காணப்படாமைச் சான்றிதழ் பெறலாம். சடங்குமுறையில் அத்தகைய மூன்றாம் நிலை இல்லை. அந்த வெற்றிடத்தை நேர்த்தி நிரப்பியது. திதியும் கொடுக்காமல், கைவிட்டுவிடவும் செய்யாமல், ஆண்டுதோறும் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்து, அவன் வந்தால் தீர்ப்பதற்கென்று கடனைத் திறந்தே வைத்திருக்கலாம். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது கந்தசுவாமி கோயில் முன்றலில். அங்கே அவர்கள் தேங்காய் உடைத்தும் தீச்சட்டி ஏந்தியும் அரசிடம் கேட்கவேண்டியதை முருகனிடமும் சேர்த்துக் கேட்டார்கள். அது கோயில் வழிபாடா அரசியல் போராட்டமா என்று பிரிக்க முயல்வது வீண்வேலை.

இதே வெற்றிடத்துக்குள்தான் சாத்திரிமாரும் குறி சொல்பவர்களும் நுழைந்தார்கள். வடக்குத் திசையில் உயிரோடு இருக்கிறான், மூன்று மாதத்தில் தகவல் வரும் என்று சொல்லும் ஒருவரிடம் இருந்த காசையெல்லாம் கொடுத்த தாய்மாரை இப்பகுதியில் எவரும் அறிவார்கள். அவர் சொன்ன பொய் ஒரு வாரம் நித்திரை தந்திருக்கும் என்பது உண்மை. அடுத்த குறிக்காகக் காசு தேட வைத்தது என்பதும் உண்மை. ஆறுதல் தருவது எல்லாம் நல்லது என்று கொள்ள முடியாது. தாயின் ஒரு வருட நேர்த்திக்கும் சாத்திரியின் மூன்று மாதக் கணக்குக்கும் உள்ள வேறுபாடு, முன்னதில் எவரும் முடிவை அறிந்ததாகப் பாசாங்கு செய்யவில்லை என்பதே.

மீள்குடியேற்றத்துக்குப் பின் கிராமங்களில் பெருகிய பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல இடமில்லை. மதமாற்றச் சர்ச்சை தனிக் கட்டுரைக்குரியது. கோயில்களால் செய்ய முடியாமல் போன ஒன்றை அவை செய்தன என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்கும் வீட்டுக்கு, தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணின் வீட்டுக்கு, சபையிலிருந்து கிழமைக்கு ஒருமுறை யாராவது வந்து பெயர் சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார்கள். ஆண்டுத் திருவிழாவில் மட்டும் கூடும் சமயத்துக்கு அது ஒரு குட்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் அனுபவமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தண்ணீரூற்றுக்கும் முசலிக்கும் இருபது ஆண்டுகளின் பின் திரும்பிய குடும்பங்கள், வீட்டுக் கூரைக்கு முன் பள்ளிவாசலைத் திருத்தவே அவசரப்பட்டன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்ற நபிமொழியும் குளக்கட்டைத் திருத்திவிட்டு ஐயனாருக்குப் பொங்கும் வழக்கமும் அதிக தூரத்தில் இல்லை.

பாதுகாப்புணர்வு இவ்வளவு தூரம் இடத்தோடு பிணைந்திருப்பதால், இடம் பறிபோகும்போது அதுவும் குலைகிறது. திருக்கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்த பின், அந்த நிலத்தை மீட்டுக் கோயில் எழுப்ப வேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872இல் குரல் எழுப்பும்வரை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சென்றன. 1990க்குப் பின் போரால் மறுபடி அடைபட்டு, 2022 யூலையில்தான் பெருங்குடமுழுக்குக் கண்டது. வவுனியா வடக்கில் வெடுக்குநாறி மலையில் 2023 மார்ச்சில் சிலைகள் உடைக்கப்பட்டுக் கிடந்தன. 2024 மார்ச் 8ஆந் திகதி சிவராத்திரி இரவில் அங்கே வழிபட்டவர்களில் சிலர் கைதுசெய்யப்பட்டனர். முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் ஐயனார் வழிபாடு தொல்லியல் சர்ச்சைக்குள் சிக்கிக் கிடக்கிறது. இவற்றைக் காணிப் பிணக்குகளாக மட்டும் பார்ப்பவர்களுக்கு, ஒரு கல்லுக்காக ஏன் இவ்வளவு கொந்தளிப்பு என்பது விளங்காது. காட்டின் வாயிலில் குழை செருகிவிட்டு உள்ளே போன மக்களுக்கு, அந்த வாயிலில் பொலிஸ்காரர் நிற்பதே அச்சத்தின் புதிய வடிவம்.

முள்ளிவாய்க்கால் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் இருக்கிறது. வற்றாப்பளை அதே நீரின் மறுகரையில். போரில் இறந்தவர்களுக்கான மே 18 நினைவுநாளும் வைகாசிப் பொங்கலும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதில் விளக்கேற்றிக் கஞ்சி குடித்த குடும்பங்களே இரண்டாவதில் பாற்செம்போடு வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் நிற்பவர்களிடம் என்ன நேர்த்தி என்று கேட்டால், வராத பிள்ளைக்காக என்ற பதில் இன்னமும் கிடைக்கும். அதோடு உயர்தரப் பரீட்சை, வெளிநாடு போகும் மகனின் விசா, சிறுநீரக நோய், அடகு வைத்த நகை, யானை மிதிக்காமல் விட்ட வயல் என்று வேறு பதில்களும் கூடிக்கொண்டே வருகின்றன.